ரெண்டு வருசத்துக்கு ஒரு கிடாய்

பத்தாம் வகுப்பில் இனக்கலப்புப் பாடம் வரும்போது உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பது), வெளிக்கலப்பு (உறவில்லாததோடு சேர்ப்பது), கலப்பின வீரியம் (கலந்து பிறந்தது பெற்றோரைவிடத் தேறி வருவது) என்ற மூன்று சொற்களையும் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். எடுத்துக்காட்டு கேட்டால் கோவேறு கழுதை, கரன் சுவிஸ் மாடு. இரண்டு மதிப்பெண் உறுதி. சில வருடங்களுக்கு முன்னால் எட்டயபுரம் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன், கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து கேட்டான்.

"சார், எங்கய்யா ரெண்டு வருசத்துக்கு ஒருக்க கிடாயை மாத்திருவாவ. அது உட்கலப்பா, வெளிக்கலப்பா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, சட்டென்று பதிலும் வரவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன், உக்காரு" என்று தள்ளிப்போட்டேன். அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான், அந்த ஒரு கேள்விக்குள் பாடம் மொத்தமும் அடங்கியிருப்பதும், பாடம் சொல்லாமல் விட்ட பாதியும் அதற்குள்ளேயே இருப்பதும் தெரிந்தது.

முதல் சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. பேரினம், சிற்றினம், இனம் என்று மூன்று சொற்கள். சிற்றினம் என்றதும் இனத்தைவிடச் சின்னது என்றுதான் யாருக்கும் தோன்றும். உயிரியலில் அது தலைகீழ். செம்மறியாடு ஒரு சிற்றினம். அதற்குள் வேம்பூர், கீழக்கரிசல், செவ்வாடு, மேச்சேரி எல்லாம் இனங்கள். ஆக, சிற்றினம்தான் பெரிய வட்டம், இனம் அதற்குள் இருக்கும் சின்ன வட்டம். இதைக் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கலப்பினம் என்று நாம் சொல்வது ஒரே சிற்றினத்துக்குள் இரண்டு இனங்களைச் சேர்ப்பது. கோவேறு கழுதை அப்படியில்லை. அது இரண்டு சிற்றினங்களின் கலப்பு. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சேராத எண்ணிக்கை என்பதால் அதற்கு வாரிசு கிடையாது என்றே சொல்லலாம். கரன் சுவிஸ் மாடோ, பிரவுன் சுவிஸ் காளையைச் சாகிவால் போன்ற நம் நாட்டுப் பசுக்களோடு சேர்த்து கர்நாலில் உருவாக்கியது. இரண்டு பக்கமும் 60 குரோமோசோம்தான். கன்று தாராளமாக இனம் பெருக்கும். இந்த இரண்டு எடுத்துக்காட்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தால், "கலப்பின மாடு மலடு ஆகிருமா சார்?" என்று பிள்ளைகள் கேட்பதில் தப்பே இல்லை. வெள்ளாட்டையும் செம்மறியையும் சேர்க்கலாமா என்பது இன்னொரு வழக்கமான கேள்வி. வெள்ளாட்டுக்கு 60, செம்மறிக்கு 54. ஒரே பட்டியில் வருடக்கணக்காக நின்றாலும் அநேகமாகக் கரு தங்காது, தங்கினாலும் நிலைக்காது.

சரி, நம் சீமையில் என்னென்ன இனங்கள் உண்டு? நான் திருநெல்வேலிச் சீமை என்று சொல்வது பழைய ஜில்லாவை. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டன. ஆட்டுக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது. கரிசல் காட்டில் வேம்பூர் ஆடு உண்டு. ஊர்ப் பெயரே இனத்தின் பெயர். வெள்ளை உடம்பில் செம்பொட்டு இருப்பதால் பொட்டு ஆடு என்பார்கள். கிடாய்க்குக் கொம்பு இருக்கும், பெட்டைக்கு இருக்காது. கீழக்கரிசல் என்பது அடர்ந்த காவி உடம்பும் கறுத்த அடிவயிறும் கொண்டது. இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். செவ்வாடு பெயரைப் போலவே சிவப்பு. வெள்ளாட்டில் கன்னி ஆடும் கொடி ஆடும். கன்னி ஆடு கறுப்பு. முகத்திலும் வயிற்றிலும் கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டிக்குப் பேர் போனது. கொடி ஆடு நெட்டைக் காலும் ஒல்லி உடம்பும். வெள்ளையில் கறுப்பு தெளித்தால் கரும்போரை, சிவப்பு தெளித்தால் செம்போரை.

இந்த இனங்கள் எப்படி உருவாயின? ஆய்வகத்தில் யாரும் உருவாக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக எந்தக் கிடாயை நிறுத்துவது, எதைக் காயடிப்பது, எதைச் சந்தைக்கு ஓட்டுவது என்று முடிவெடுத்த மேய்ச்சல்காரர்கள் உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்தில் கலப்பு பெரிய எழுத்தில் இருக்கிறது, தேர்வு சின்ன எழுத்தில் இருக்கிறது. என் அனுபவத்தில் வேலையின் முக்காலும் தேர்வுதான். கலப்பு அதற்குக் கிடைக்கும் ஒரு கருவி.

தேர்வை ஒரு முறையாகச் செய்து காட்டியவர் என்று உலகம் சொல்வது இங்கிலாந்தின் ராபர்ட் பேக்வெல்லை. 1725 முதல் 1795 வரை வாழ்ந்தவர், லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்ற ஊரில் பண்ணை. ஆணையும் பெண்ணையும் கண்டபடி சேரவிடாமல் பிரித்து வைத்தார். தான் பொறுக்கியதை மட்டும் சேர்த்தார். தன் கிடாய்களை விற்காமல் மற்ற விவசாயிகளுக்குப் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். வெளியே போன கிடாயின் குட்டிகள் எப்படி வருகின்றன என்று பார்த்து, நல்ல குட்டி தந்த கிடாயைத் திரும்பக் கொண்டுவந்து தன் மந்தையில் நிறுத்தினார். கிடாயின் அழகைப் பார்க்காமல் அதன் பிள்ளைகளைப் பார்த்து கிடாயை மதிப்பிடுவதுதான் இதில் உள்ள சூட்சுமம். மெண்டல் பட்டாணிக் கட்டுரையை அச்சிட்டது 1866-இல். பேக்வெல் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவர். ஜீன் என்ற சொல்லே தெரியாமல் ஜீனைப் பொறுக்கியிருக்கிறார்.

நம் பழமொழி "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்கிறது. ஆட்டுக்காரர்களும் கிடாய்க்குட்டி பொறுக்கும்போது முதலில் தாயின் மடியைத்தான் பார்ப்பார்கள். நல்ல பழக்கம். ஆனால் மந்தைக் கணக்கில் தகப்பனுக்குத்தான் கனம் அதிகம். ஒரு பெட்டை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டி போடும். ஒரு கிடாய் இருபத்தைந்து முப்பது பெட்டைக்குத் தகப்பன். அடுத்த தலைமுறையின் பாதி ரத்தம் அந்த ஒற்றை உருப்படியிலிருந்து வருகிறது. ஆகவே பொறுக்குவதற்குப் பத்து ரூபாய் செலவழிக்கலாம் என்றால் ஒன்பது ரூபாயைக் கிடாய்க்குச் செலவழிக்க வேண்டும்.

பொறுக்கினால் எவ்வளவு முன்னேற்றம் கிடைக்கும்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியக்கூடியதுதான். ஒரு மந்தையில் ஆறு மாதக் குட்டிகளின் சராசரி எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 கிலோ நிற்கும் ஒரு குட்டியைப் பொலிகிடாயாக வைக்கிறோம். தகப்பன் பக்கம் 6 கிலோ கூடுதல். பெட்டைகளைப் பொறுக்கவில்லை, அந்தப் பக்கம் சைபர். இரண்டுக்கும் சராசரி 3 கிலோ. அந்த 3 கிலோவும் குட்டிக்கு அப்படியே போய்ச் சேராது. எடையில் ஒரு பங்குதான் மரபால் வருவது. மீதி தீனி, தாய்ப்பால், மழை, குடல்புழு என்று சூழலால் வந்தது. எடைக்கு அந்த மரபுப் பங்கு 0.3 என்று எடுத்தால் அடுத்த தலைமுறை ஏறுவது 0.9 கிலோ. கொஞ்சம்தான். ஆனால் அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் இப்படியே பொறுக்கினால் சேர்ந்துகொண்டே போகும்.

எல்லாக் குணத்துக்கும் இந்தப் பங்கு ஒன்றில்லை. பாலில் உள்ள கொழுப்பின் சதவீதத்துக்கு ஏறக்குறையப் பாதி. பாலின் அளவுக்குச் சுமார் கால். இரட்டைக் குட்டி போடுவது, சீக்கிரம் சினை பிடிப்பது, குட்டி பிழைத்து எழுவது மாதிரியான விஷயங்களுக்கு பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. கடைசி வரியை நினைவில் வையுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

அந்தக் கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. 18 கிலோ குட்டி ஒற்றையாகப் பிறந்திருக்கலாம். தாயின் இரண்டு காம்புப் பாலையும் தனியாகக் குடித்து வளர்ந்த சுகவாசி. பக்கத்தில் 14 கிலோ நிற்கும் குட்டி இரட்டையில் ஒன்றாக இருந்து, பங்குப் பாலில் அவ்வளவு ஏறியிருக்கலாம். கண்ணுக்குப் பெரியதைப் பொறுக்கினால், நம்மை அறியாமலே ஒற்றைக் குட்டி போடும் வம்சத்தைப் பொறுக்கிக்கொண்டே போவோம். கன்னி ஆட்டை எதற்காக வளர்க்கிறோமோ அதையே இழந்துவிடுவோம். அதனால்தான் தெரிந்தவர்கள் இரட்டையில் பிறந்த கிடாயாகக் கேட்டு வாங்குகிறார்கள்.

இதைவிட மோசமான தேர்வும் நடக்கிறது, அதுவும் வாராவாரம். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கோ சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கோ போய்ப் பாருங்கள். பக்ரீத்துக்கு முந்திய வாரங்களில் ஊனமில்லாத, கொழுத்த, கொம்பு நன்றாக எழுந்த கிடாய்க்குத்தான் விலை. கோயில் கொடைக்கு நேர்ந்துகொண்டவர்களும் எடுப்பான கிடாயைத்தான் தேடுவார்கள். நல்ல விலைக்கு யார்தான் கொடுக்க மாட்டார்கள்? ஆனால் மந்தையின் முதல் தரம் வண்டியேறிவிட்டால், பெட்டைகளோடு காட்டில் நிற்பது விலை போகாத மூன்றாம் தரம். அது அடுத்த வருடக் குட்டிகளுக்குத் தகப்பன். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனாலும் இது தேர்வுதான். பின்னோக்கிப் போகும் தேர்வு. "நாட்டு இனம் தேஞ்சு போச்சு, வெளியே இருந்து புது ரத்தம் கொண்டாரணும்" என்று பேசுகிற இடங்களில் பாதிக்கு மேல் உண்மையான காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

தேர்வுக்கு இன்னொரு வில்லங்கம், ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூட வரும். பக்கத்து ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். தூய வெள்ளை நிறத்துக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த இனம். அந்த வெள்ளையோடு சேர்ந்து சில குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையும் வருகிறது. நிறத்தைத் தரும் செல்களுக்குக் காதின் உள்வேலையிலும் பங்கு உண்டு என்பதுதான் காரணம்.

இப்போது பையன் கேட்ட கேள்விக்கு வரலாம். கிடாயை ஏன் மாற்ற வேண்டும்? அதுவும் ஏன் இரண்டு வருடம்?

கிடாயைக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். பெட்டை சினையானால் ஐந்து மாதத்தில் குட்டி. அந்தப் பெட்டைக்குட்டி வளர்ந்து பருவத்துக்கு வர ஒரு வருடம், முன்னே பின்னே. ஆக ஒன்றரை, இரண்டு வருடத்தில் கிடாயின் சொந்த மகள்கள் அதன் முன்னாலேயே பருவத்தில் நிற்கும். அப்பனும் மகளும் சேர்ந்தால் வரும் குட்டிக்கு உட்கலப்பு அளவு 25 சதவீதம். அதாவது அதன் எந்த ஒரு ஜீன் ஜோடியை எடுத்தாலும், இரண்டும் ஒரே மூதாதையின் ஒரே ஜீனின் நகலாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒரே தகப்பனின் வேறு வேறு தாய்ப் பிள்ளைகள் சேர்ந்தால் 12.5 சதவீதம். இந்தச் சதவீதத்தை எழுதத் தெரியாத ஆட்டுக்காரர், அது தொடங்குகிற மாதத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறார்.

நகலாக இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டால் நான் பாயைக் காட்டிச் சொல்வேன். ஒவ்வொரு உயிரும் இரண்டு பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் படுத்திருக்கிறது: அம்மா தந்த பாய் ஒன்று, அப்பா தந்த பாய் ஒன்று. இரண்டிலும் அங்கங்கே ஓட்டை உண்டு. ஓட்டையில்லாத பாய் உலகத்தில் இல்லை. மேல் பாயின் ஓட்டைக்கு நேர் கீழே இரண்டாவது பாய் நன்றாக இருந்தால் தரை உடம்பில் படாது. உறவில்லாத இரண்டு பாய்களுக்கு ஓட்டைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். அப்பன் பாயே இரண்டு வழியாகவும் வந்து சேர்ந்தால் ஓட்டைக்கு நேராக ஓட்டை. உட்கலப்பில் குட்டி சிறுத்துப்போவது, சினை தங்காதது, பிறந்த வாரத்திலேயே சாவது எல்லாம் இப்படி வருகிறவை. உட்கலப்பு ஓட்டையை உண்டாக்குவதில்லை. இருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மந்தையில் முப்பது பெட்டை, ஒரு கிடாய். மொத்தம் 31 உருப்படி. ஆனால் மரபுக் கணக்கில் அது 31 இல்லை. ஆணும் பெண்ணும் சமமாக இல்லாத மந்தையின் உண்மையான பலத்தை அறிய, ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத்தால் வகுப்பார்கள். நாலு ஒன்று முப்பது, 120. அதை 31-ஆல் வகுத்தால் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. காடு நிறைய மேய்கிற மந்தை, மரபு அளவில் நாலே நாலு ஆடு. இன்னொரு உறவில்லாத கிடாயைச் சேர்த்தால் ஏழரை. ஒரே ஒரு கிடாயில் பலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கீழக்கரிசல் மாதிரி ஏற்கெனவே அருகிவிட்ட இனத்துக்கு எத்தனை பெட்டை இருக்கின்றன என்பதைவிட, எத்தனை வம்சத்துக் கிடாய் மிச்சம் என்பதுதான் கேள்வி.

இனிக் கலப்பினம். ஓட்டைகள் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்றால், ரொம்ப தூரத்துப் பாயாக எடுப்பதுதானே நல்லது? அந்த நினைப்புதான் கலப்பின வீரியத்தின் அடிப்படை. நூற்றாண்டுகளாகத் தனித்தனியே வளர்ந்த இரண்டு இனங்களைச் சேர்த்தால், முதல் தலைமுறைக் குட்டி பெற்றோர் இருவரின் சராசரியைவிட நன்றாக வரும். இங்கேதான் முன்பு நினைவில் வைக்கச் சொன்னது வருகிறது. எந்தக் குணங்கள் பொறுக்கி எளிதில் முன்னேற்ற முடியாதவையோ, அந்த மரபுப் பங்கு குறைந்த குணங்களில்தான் கலப்பின வீரியம் அதிகம் தெரியும்: பிழைப்புத்திறன், சினைப்பிடிப்பு, நோய் தாங்குவது. மரபுப் பங்கு அதிகமான கொழுப்புச் சதவீதம் போன்றவற்றில் பெரிதாகத் தெரியாது. அவற்றுக்குத் தேர்வே போதும். ஆக இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. ஒன்று எட்டாத இடத்தை இன்னொன்று எட்டும்.

முதல் தலைமுறையோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். மாட்டுக்குச் சினை ஊசி போடும் வீடுகளில் முடிவதில்லை. எங்கள் வீட்டுத் தொழுவத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். அம்மா வைத்திருந்த நாட்டுப் பசு வேளைக்கு ஒரு லிட்டர் கறக்கும். அதற்கு ஜெர்சி ஊசி போட்டோம். பிறந்த கிடாரி வளர்ந்து நாளைக்கு எட்டு லிட்டர் கறந்தது. தெருவே வந்து பார்த்தது. பாதி ஜெர்சிக்கு எட்டு என்றால் முக்கால் ஜெர்சிக்குப் பத்துப் பன்னிரண்டு வராதா என்று அதற்கும் ஜெர்சி ஊசி. அதன் மகள் ஒன்பதுக்கு மேல் ஏறவில்லை. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கியது. அதற்கும் ஜெர்சி. மூன்றாவது தலைமுறை பாலிலும் இறங்கியது, உண்ணிக் காய்ச்சலிலும் படுத்தது, நாலு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. ஊசி சரியில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஊசியில் குற்றம் இல்லை, எங்கள் கணக்கில்தான்.

அந்தக் கணக்கைப் போட நம்மிடம் பழைய பின்ன வாய்ப்பாடு இருக்கிறது. ஜெர்சி ரத்தம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்: அரை, முக்கால், முக்காலே அரைக்கால் (எட்டில் ஏழு), முக்காலே மூணு வீசம். நாலு தலைமுறையில் பதினாறில் பதினைந்து பங்கு ஜெர்சி. "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சிட்டு" என்கிறோமே, அதே அளவு. ஆனால் ரத்தம் ஏற ஏற வீரியம் இறங்குகிறது. இரண்டு பாயும் வேறு வேறு இனத்துப் பாயாக இருக்கும் இடங்கள் முதல் தலைமுறையில் முழுசாக இருக்கும். முக்கால் ஜெர்சியில் அது பாதி. முக்காலே அரைக்காலில் கால். அடுத்ததில் அரைக்கால். அரை ஜெர்சிப் பசுவையும் அரை ஜெர்சிக் காளையையும் சேர்த்தாலும், கன்று அரை ஜெர்சியாகவே இருக்கும், ஆனால் வீரியம் பாதியாகிவிடும். ரத்தத்தின் அளவும் வீரியத்தின் அளவும் வேறு வேறு என்பதை என் பிள்ளைகளுக்குப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்திருக்கிறது.

எங்கள் மூன்றாவது பசு இரண்டு பக்கமும் இழந்திருந்தது. வீரியமும் கால் பங்காகச் சுருங்கிவிட்டது. வெயில் தாங்கும் திமிலும் தளர்ந்த தோலும் கொண்ட நாட்டு ரத்தம் அரைக்காலாக இறங்கிவிட்டது. ஜெர்சியின் பால் ஜீன் முழுவேலை செய்ய ஜெர்சி தீவின் குளிரும் புல்லும் வேண்டும். பாளையங்கோட்டை மே மாதம் அதைக் கொடுக்காது. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைக்கு ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்று வகுத்ததும் இந்தத் தட்பவெப்பக் கணக்கில்தான். அயல் ரத்தம் 50 சதவீதத்துக்கும் 62.5 சதவீதத்துக்கும் நடுவில் நிற்பது நல்லது என்பது கலப்பினப் பெருக்கத்தில் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு. 62.5 என்பது நம் வாய்ப்பாட்டில் அரையே அரைக்கால். முக்கால் ரத்தக்காரியையும் அரை ரத்தக்காரனையும் சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும்.

அரையே அரைக்காலில் நிறுத்தி, அதற்குள்ளேயே பொறுக்கிப் பெருக்கிப் புது இனமாக்குவதும் உண்டு. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் உருவான சாண்டினோ செம்மறி அப்படித்தான்: எட்டில் ஐந்து பங்கு மெரினோ அல்லது ராம்பூலே, எட்டில் மூன்று பங்கு நீலகிரி ஆடு. அந்த நீலகிரி ஆடே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து வந்தது. இன்றைக்கு அது பாரம்பரிய இனம். எதைத் தூய இனம் என்கிறோம் என்பதில் இந்தத் தமாஷும் இருக்கிறது.

கலப்பினத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடந்தது மகாராஷ்டிராவில் பல்டனில். வங்காளத்துச் சதுப்பு நிலத்தில் கரோல் என்று ஒரு குட்டைச் செம்மறி உண்டு. இரட்டைக் குட்டி, மூன்று குட்டி போடும். அதற்குக் காரணம் ஒரே ஒரு ஜீன். இரட்டைக் குட்டிக்கு மரபுப் பங்கு குறைவு என்ற பொது விதிக்கு இது அழகான விதிவிலக்கு. பல்டனில் உள்ள நாரி என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலைத் தக்காணி ஆட்டோடு சேர்த்து, வந்த குட்டிகளைத் திரும்பத் திரும்பப் பெரிய உடம்புள்ள இனத்தோடு சேர்த்தது. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு ஜீன் உள்ள குட்டியை மட்டும் பொறுக்கியது. கரோலின் குட்டை உடம்பு தலைமுறைக்குப் பாதியாகக் கரைந்தது; ஜீன் மட்டும் தங்கியது. நாரி சுவர்ணா என்று பெயர் வைத்தார்கள். தேர்வும் கலப்பும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம். மரபணு மாற்றப் பயிரையும் கலப்பின ஆட்டையும் ஒன்றாக நினைக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும்: இதில் யாரும் ஜீனை வெட்டி ஒட்டவில்லை, கிடாயும் பெட்டையும் சேர்ந்ததுதான்.

இப்போது நம் பக்கத்து மோகம் போயர் கிடாய். தென்னாப்பிரிக்க வெள்ளாடு, வெள்ளை உடம்பு, செந்தலை, நல்ல கறி. கன்னி ஆட்டுக்கோ கொடி ஆட்டுக்கோ சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டி எடை ஏறுகிறது. குட்டி மொத்தத்தையும் கறிக்கு விற்பதாக இருந்தால் எனக்கு எதிர்ப்பு இல்லை. அந்தக் குட்டியில் பெட்டையை நிறுத்தி, அதற்கும் போயர், அதன் மகளுக்கும் போயர் என்று போனால் எங்கள் தொழுவத்துக் கதைதான். கொளுத்தும் கரிசலில் உடைமரத்துக் காயைத் தின்று நாளெல்லாம் நடக்கிற வேலையை நெட்டைக்கால் கொடி ஆடுதான் செய்யும். அதைவிட முக்கியம், முதல் தலைமுறைக் கலப்பினம் வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் தூய கன்னி ஆட்டுப் பெட்டை வேண்டும். எல்லோரும் எல்லாப் பெட்டையையும் கலந்துவிட்டால், கலப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும், விந்து அடைத்த அந்தச் சின்னக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சாகியிருக்கும். ஊசி போட்டதும் குச்சி குப்பைக்குப் போய்விடுகிறது. கிடாரி பருவத்துக்கு வரும்போது அதன் தகப்பன் எண் யாருக்கும் தெரியாது. அதே காளையின் ஊசியே திரும்பவும் விழலாம். ஆட்டுக்காரர் கண் முன்னால் நிற்கும் கிடாயை மாற்றிவிடுகிறார். மாட்டுக்காரர் கண்ணுக்கே தெரியாத காளையை எப்படி மாற்றுவார்? நாள்காட்டித் தாளில் தேதிக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிவைத்தால் போதும். இதைச் சொன்னதும் என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் வீட்டில் எழுத ஆரம்பித்தார்கள். செய்முறைத் தேர்வைவிட நல்ல செய்முறை.

மறுநாள் பையனுக்குச் சொன்ன பதில் இதுதான். உங்கய்யா செய்வது உட்கலப்பைத் தடுக்கிற வேலை. வேம்பூர் மந்தைக்கு உறவில்லாத வேறு வேம்பூர்க் கிடாயைக் கொண்டுவந்தால் அது ஒரே இனத்துக்குள் வெளிக்கலப்பு. கலப்பினம் இல்லை. வேறு இனத்துக் கிடாய் வந்தால்தான் கலப்பினம்.

தலையாட்டிவிட்டு உட்காரப் போனவனிடம், புதுக் கிடாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"பக்கத்து ஊர்ல எங்க மாமா மந்தை இருக்கு சார். எங்க கிடாயை அவ்வோ வாங்கிக்கிடுவாவ, அவ்வோ கிடாயை எங்களுக்குத் தருவாவ."

"அடுத்த தடவை?"

"அப்பவும் மாமாகிட்டதான்."

கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டேன். உங்கள் பழைய கிடாய் மாமா மந்தைக்குப் போய் அங்கே மகன்களைப் பெறுகிறது. இரண்டு வருடம் கழித்து அந்த மகன்களில் ஒன்று உங்கள் மந்தைக்கு வருகிறது. உங்கள் மந்தையில் பருவத்துக்கு நிற்பது யார்? அதே பழைய கிடாயின் மகள்கள். அண்ணனும் தங்கச்சியும், தாய் மட்டும் வேறு. 12.5 சதவீதம்.

பையன் இரண்டு வட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் பெஞ்சை விட்டு வந்து சுண்ணாம்புக் கட்டியை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டான். எங்களிடமிருந்து மாமாவுக்கு, மாமாவிடமிருந்து மூன்றாவது ஊருக்கு, அங்கிருந்து எங்களுக்கு என்று அம்புக்குறி இழுத்தான்.

"இப்ப சரியா சார்?"

"கொஞ்ச நாளைக்குச் சரி. திரும்பி வாரது மகன் இல்லை, பேரன். ஆறே கால் சதவீதம்" என்றேன்.

நாலாவது வட்டத்துக்குப் பலகையில் இடம் இல்லை. தரையில் குனிந்து போட்டான்.